தகரக் கூரையும் காற்றின் வழியும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி நோக்கிச் செல்லும் ஏ4 நெடுஞ்சாலை, அவிசாவளையைக் கடந்தபின் இறப்பர்த் தோட்டங்களினூடே வளைந்து வளைந்து எஹலியகொடையை அடைகின்றது. நண்பகல் வேளையில் அச்சாலையோரம் நிற்பவர், கண்ணாடிகளை இறுக மூடிக்கொண்டு விரையும் குளிரூட்டிய வண்டிகளைக் காண்பர். சாலையிலிருந்து பிரிந்து மேட்டிலேறும் தோட்டப் பாதையில் சிறிது தூரம் நடந்தால் லயங்கள் தென்படும். வண்டியும் உலோகக் கூரையுடைய பெட்டி. லயக் காம்பராவும் பெரும்பாலும் அத்தகைய பெட்டியே. இரண்டின் மீதும் ஒரே வெயில்தான் விழுகின்றது. ஆயினும் உள்ளே இருப்போரின் நிலை வேறு.

இறப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டும் தொழிலாளியின் நாள் விடியற்காலையிலேயே தொடங்கிவிடும். மரத்தின் பாற்குழாய்களில் உள்ளமுக்கம் அதிகாலையில் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற அது தளர்ந்து, பால் வடிவதும் குறையும். ஆதலால் பிரட்டுக்களத்திலிருந்து இருள் விலகுமுன்னே புறப்படுபவர், வெட்டி, சேர்த்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு, பகலின் பிற்பாதியில் இளைப்பாற வருகிறார். அவர் தலை சாய்க்கும் நேரமும் தகரக் கூரை மிகக் கொதிக்கும் நேரமும் ஒன்றாய் அமைந்துவிடுகின்றன. பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளை புத்தகத்தை விரிப்பதும் ஏறத்தாழ அதே வேளையில்தான். “படிக்கச் சொன்னால் தூங்கி விழுகிறான்” என்று பிள்ளையைக் குறைகூறுமுன் அவன் தலைக்கு மேலுள்ள தகரத்தைச் சற்றே நிமிர்ந்து பார்ப்பது நன்று.

அத்தகரத்தில் நிகழ்வது என்ன? பழைய லயங்களில் ஒரு காம்பரா ஏறத்தாழ பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் உடையது. அதன் கூரைப்பரப்பு 11 சதுர மீற்றர் எனக் கொள்ளலாம். தெளிந்த வானத்தில் உச்சிவெயில் ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஏறத்தாழ 1,000 வாற்று அளவான சக்தியைப் பொழிகின்றது. ஆகவே ஒரு காம்பராவின் கூரை மீது மட்டும் 11,000 வாற்று விழுகின்றது. ஒரு தொன் குளிரூட்டி எனக் கடைகளில் விற்கப்படும் இயந்திரம் ஓர் அறையிலிருந்து அகற்றக்கூடிய வெப்பம் 3,500 வாற்று அளவே. (ஒரு தொன் என்பது இயந்திரத்தின் எடையன்று, 2,000 இறாத்தல் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது உறிஞ்சும் வெப்பத்தின் அளவு.) கூரையில் விழுவது முழுவதும் உள்ளே வருவதில்லை, ஒரு பகுதி தெறித்துப் போகும், ஒரு பகுதியைக் காற்று கொண்டுசெல்லும். எனினும் எது பெரிது, எது சிறிது என்பது இக்கணக்கால் விளங்கும்.

நாகம் பூசிய புதிய தகரம் பளபளப்பாயிருப்பதால் வெயிலில் கணிசமான பங்கைத் திருப்பியனுப்பும். மழையும் காலமும் அதனை மங்கச் செய்து, துருவும் ஏறிவிட்டால், அதே தகரம் வெயிலை விழுங்கத் தொடங்குகின்றது. நிழலில் காற்றின் வெப்பநிலை 32 பாகையாய் இருக்கும் நாளிலும் துருவேறிய தகரம் 60 பாகையை எட்டக்கூடும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் வருவதால், அப்போது சுவர்களினும் கூரையே வெயிலை அதிகம் தாங்குகின்றது.

வெப்பம் செல்லும் வழிகள் மூன்று என்பதைப் பள்ளிப் பிள்ளைகள் அறிவர்: கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல். தகரக் கூரையின் கீழ் மனிதரை வருத்துவதில் பெரும்பங்கு மூன்றாவதற்கு உரியது. சூடேறிய தகரம், அடுப்புத்தணல் முகத்தைச் சுடுவதுபோல, கீழே இருப்பவரின் தலையையும் தோளையும் கதிர்களால் சுடுகின்றது. இடையிலுள்ள காற்றின் வெப்பநிலை எதுவாயினும் இச்சூடு குறையாது. அறையில் தொங்கும் வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் நம்பி, “இன்று அவ்வளவு சூடில்லையே” என்று கூறுவோர் உண்டு. வெப்பமானி காற்றை அளக்கின்றது. உடலோ கூரையையும் சேர்த்து அளக்கின்றது.

சப்பிரகமுவைக்கு மற்றுமொரு தொல்லை உண்டு. இரத்தினபுரிப் பகுதியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகின்றது. காற்றில் ஈரம் குறைவதே அரிது. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 யூல் வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்கின்றது. சாரீரப்பதன் மிகுந்த காற்றில் வியர்வை ஆவியாகாமல் வழிகின்றது. வழியும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. இங்கேதான் காற்றின் அசைவு துணைக்கு வருகின்றது. தோலை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றை அகற்றிப் புதிய காற்றைக் கொணர்ந்தால் ஆவியாதல் மீண்டும் நடைபெறும். விநாடிக்கு ஒரு மீற்றர் அளவில், மெல்லிய தாள் அசையும் அளவில், காற்று வீசினால் உடல் உணரும் சூடு ஏறத்தாழ 3 பாகை குறைந்தாற்போலத் தோன்றும்.

குளிரூட்டி முதன்முதல் மனிதருக்காக அமைக்கப்பட்டதன்று என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். 1902ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புரூக்ளின் நகரிலிருந்த அச்சகமொன்றில், ஈரத்தால் தாள்கள் நீண்டும் சுருங்கியும் வண்ணங்கள் ஒன்றின்மேலொன்று பொருந்தாமற் போயின. அக்குறையைப் போக்க வில்லிஸ் காரியர் என்னும் இளம் பொறியியலாளர் வகுத்த ஏற்பாடே இன்றைய குளிரூட்டியின் தொடக்கம். காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்துவதே அவர் முதல் நோக்கம். தாளுக்குச் செய்த உபகாரம் பின்னரே மனிதரை வந்தடைந்தது.

தோட்டங்களிலும் இவ்வாறே நிகழ்ந்தது எனலாம். இறப்பர்த் தாள்களை உலர்த்தும் புகைவீட்டைப் பாருங்கள். கீழே அடுப்பு, புகை நுழையத் தரையில் துளைகள், ஈரக்காற்று வெளியேறக் கூரையில் திறந்து மூடும் போக்கிகள். உள்ளே வெப்பநிலை 50 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையே பல நாட்கள் காக்கப்படும். சூடு மிகுந்தால் தாளில் கொப்புளம் எழும். காற்று தேங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். தேயிலைத் தொழிற்சாலையிலும் கொழுந்து வாடுவதற்காகப் பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம்வரை விசிறிகள் காற்றைச் செலுத்துகின்றன. காற்று எங்கே நுழைய வேண்டும், எங்கே வெளியேற வேண்டும் என்பதைத் தோட்டங்களைக் கட்டியவர்கள் அறியாதவர்கள் அல்லர். இறப்பர்த் தாளுக்கும் கொழுந்துக்கும் கிடைத்த போக்கி, அவற்றை உண்டாக்கியவர் உறங்கும் காம்பராவிற்கு மட்டும் கிடைக்கவில்லை.

இனி, சக்கரத்தின்மேல் அமைந்த வீட்டைச் சற்று நோக்குவோம். படுக்கை, சமையலிடம், குளியலறை யாவும் உள்ளடங்கிய மோட்டார் வீடுகள் மேனாடுகளில் பெருவழக்கு. அவற்றின் கூரைமேல் 13,500 அல்லது 15,000 பிரித்தானிய வெப்ப அலகு வலுவுள்ள குளிரூட்டி பொருத்தப்படும். காம்பராவினும் பெரிதாகாத இடத்திற்கு இது தாராளம் என்று தோன்றும். ஆயினும் வெயிலில் நிறுத்திய வண்டியில் அது திணறுவது வழக்கமான முறைப்பாடு. சோதித்துப் பார்த்தவர்கள் கண்ட குறை பெரும்பாலும் இயந்திரத்தில் இருப்பதில்லை. குளிர்ந்த காற்று வெளிவரும் அறைக்கும் சூடான காற்று திரும்பும் அறைக்கும் நடுவே சிறு இடுக்கு இருக்கும். குளிர்காற்று அறைக்குள் வராமலே அவ்விடுக்கின் வழியே திரும்பி இயந்திரத்துள் புகுந்துவிடும். அவ்விடுக்கை அலுமினியத் தாள் நாடாவால் ஒட்டி அடைத்து, காற்றுக் குழாயின் மடிப்புகளை நீக்கி, தூசு தடுக்கும் வலையைக் கழுவிவிட்டால், பழைய இயந்திரமே புதியதுபோல் வேலை செய்யும். அதன்பின் கண்ணாடிகளுக்கு வெளிப்புறம் மறைப்பு. கூரைத் திறப்பிற்கு மெத்தை போன்ற மூடி. வண்டியை நிறுத்த நிழல். இயந்திரம் ஒருமுறை தன்னூடே செல்லும் காற்றை 10 பாகை அளவிலேயே குளிர்விக்கும். ஆகையால் உட்புகும் சூட்டைக் குறைப்பதும், குளிர்ந்த காற்றைத் தடையின்றிப் பரவவிடுவதும் வண்டியின் சொந்தக்காரர் பொறுப்பு.

இதே முறை காம்பராவிற்கும் பொருந்தும். முதலில் கூரை. வெண்ணிறக் கூரைப் பூச்சு, துருவேறிய தகரத்தில் விழும் வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பியனுப்பும். சுண்ணாம்பு மலிவானது, ஆனால் சப்பிரகமுவையின் மழை அதனை விரைவில் கழுவிவிடும், புதிய தகரத்தின் நாகப்பூச்சுக்கும் அது ஏற்றதன்று. கூரைக்கென விற்கப்படும் வெண்பூச்சை, துருவைச் சுரண்டியபின், பெப்ரவரியின் வறட்சிக்கு முன் பூசுவதே சிறந்தது. கூரையின் கீழே ஓர் அடி இடைவெளி விட்டுப் பாய் அல்லது பலகைத் தட்டு அமைத்தால், கதிர்வீசல் தலைமேல் நேரே விழாது. அவ்விடைவெளியின் இரு முனைகளும் திறந்திருக்க வேண்டும். இல்லையேல் சூடு அங்கே அடைபட்டு நிற்கும். எலி புகாதிருக்கக் கம்பிவலை போதும். அடுப்பிற்கு நேர்மேலே பாயோ சாக்கோ பிளாஸ்டிக்கோ கட்டலாகாது.

அடுத்தது காற்றின் வழி. முதுகோடு முதுகு சேர்த்துக் கட்டப்பட்ட லயங்களில் எதிரெதிர்ச் சுவர்களில் திறப்பு வைக்க இயலாது. நடுச்சுவருக்கு அப்பால் வேறொரு குடும்பம் வாழ்கின்றது. கதவு ஒன்றுதான். ஆயினும் அந்த ஒரு கதவிலும் இரண்டு வழிகள் உண்டு. காற்றில்லாத பிற்பகலில் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி வாயிற்படி அருகே பிடித்தால் புகை உள்ளே செல்லும். கதவின் உச்சியில் பிடித்தால் வெளியே செல்லும். கீழே குளிர்ந்தது நுழைகின்றது, மேலே சூடானது வெளியேறுகின்றது. கதவின் மேல்நிலையைத் திறந்து கம்பிவலை இட்டாலும், கூரையின் முகட்டை ஒரு சாண் உயர்த்திப் போக்கி அமைத்தாலும், இவ்வோட்டம் பன்மடங்காகும். அஸ்பெஸ்டஸ் கூரையாயின் அதனை அறுத்துத் துளையிட முயல வேண்டா. அத்தூசு நுரையீரலுக்குப் பெருங்கேடு.

இஸ்தோப்பை அடைத்து அறையாக்கிக்கொண்டவர்கள் பலர். காற்றை மறித்துவிட்டார்கள் என்று அவர்களைக் குறைகூறுவது எளிது. வளர்ந்த பெண்பிள்ளை உடைமாற்ற ஒரு மறைவில்லாத வீட்டில் வேறென்ன செய்வது? அடைப்பின் மேற்பகுதியில் ஓரடி உயரத்திற்கு மூங்கிற் பட்டி அல்லது சட்டம் வைத்தால் மறைவும் கெடாது, காற்றும் நிற்காது.

மின்விசிறியைப் பற்றி ஒரு சொல். தட்டில்லாத தகரக் கூரையை ஒட்டித் தொங்கும் விசிறி, உச்சியில் தேங்கிய கொதிகாற்றை அள்ளிக் கீழே கொட்டுகின்றது. அதைவிட, கதவருகே தரையில் வைத்த மேசைவிசிறி, வெளிக்காற்றை உள்ளே இழுத்துப் படுத்திருப்பவர்மேல் வீசுவது மேல். மாலையில் தகரம் விரைவில் ஆறிவிடும். கல்லும் மண்ணுமான சுவர் ஆறுவதற்கு நெடுநேரமாகும். அவ்வேளையில் கதவை அகலத் திறந்து வைத்தல் வேண்டும். ஆறு பேர் உறங்கும் காம்பராவில், அவர்கள் உடல்களே ஆளுக்கு ஏறத்தாழ எழுபது வாற்று வீதம் நானூறு வாற்றுக்கு மேற்பட்ட சூட்டை வெளியிடுகின்றன.

வெளிநாடு சென்ற மகனோ மகளோ அனுப்பும் பணத்தில் குளிரூட்டி வாங்கும் வீடுகளும் இக்காலத்தில் உண்டு. வேண்டாம் என்று கூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் கூரைக்குத் தட்டும் வெண்பூச்சும் இல்லாத இடத்தில் அதனைப் பொருத்தினால், கூரையின் சூட்டோடு நாள் முழுதும் மல்லுக்கட்டி, மின்கட்டணத்தையே உயர்த்தும். அதே அறையில் விறகடுப்பு எரியுமானால் கதவை மூடுவது ஆபத்து. புகையோடு நச்சுவாயுவும் உள்ளே தங்கும்.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது முதல் லயத்தை விட்டுத் தனிவீட்டிற்குச் செல்லும் பேச்சு தொடர்ந்து நடைபெறுகின்றது. இந்திய உதவியுடன் மலையகத்தில் 4,000 வீடுகள் திட்டமிடப்பட்டன. 2017ஆம் ஆண்டு மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். காணியில் தனித்து நிற்கும் வீட்டிற்கு நான்கு புறமும் சுவர் சொந்தம். அவ்வீடு பெறுவோர், யன்னல்களை ஒன்றுக்கொன்று எதிராகவும், கூடியவரை வடக்கும் தெற்கும் நோக்கியும் வைக்குமாறு மேசனிடம் முதலிலேயே கூறிவிடலாம். செலவு கூடாது. மேற்குச் சுவரோரம் பந்தலிட்டுக் கொடித்தோடையோ பீர்க்கோ படரவிடலாம். கூரைமேல் படரவிட்டால் ஈர இலை தகரத்தை அரித்துவிடும்.

காணியும் வீடும் வரும்வரை காத்திராமல் உடனே செய்யக்கூடிய இடம் ஒன்றுண்டு: பிள்ளைக்காம்பரா. அது தனிக் கட்டடமாதலால் எதிரெதிர் யன்னல்களைத் திறந்து வைக்க எவர் தடையும் இல்லை. அங்கே வளையில் கட்டிய சேலைத் தொட்டில்களில் கைக்குழந்தைகள் உறங்குகின்றன. தாய் தோட்டத்தில் நிற்கும் நேரமெல்லாம் அக்குழந்தை கூரைச்சூட்டின் கீழே இருக்கின்றது. குழந்தையின் உடல் பெரியவர் உடலைவிட விரைவில் சூடேறும். தனக்கு வெக்கையாய் இருப்பதைச் சொல்லவும் அதற்குத் தெரியாது. சேலையோ இருபுறமும் காற்றை மறைக்கின்றது. தொட்டில் எவ்வளவு உயரத்தில் தொங்குகின்றதோ அவ்வளவுக்கு அது உச்சியிலுள்ள சூடான காற்றை நெருங்குகின்றது. தொட்டிலைத் தாழ்த்திக் கட்டி, அதன் வாயைக் காற்று வரும் திசைக்கு விரித்து வைத்தல் வேண்டும். அங்கே வெப்பமானி மாட்டுவதாயின், ஆயம்மாவின் கண்மட்டத்தில் சுவரில் மாட்டாமல், வெயிலும் விசிறியும் நேரே படாதவாறு தொட்டிலின் உயரத்திலேயே மாட்டல் வேண்டும்.