எழுத்தும் பொருட்டெளிவும்

தென்காசி மாவட்டத்திலே மேலநீலிதநல்லூரை அடுத்துள்ள திருத்தலத்தின் பெயரைச் சிலர் 'சங்கரன்கோவில்' என்றும், வேறு சிலர் 'சங்கரன்கோயில்' என்றும் எழுதுகின்றனர். 'கோ' என்பதன்முன் 'இல்' வந்து புணருங்கால் வகர உடம்படுமெய் பெற்றுக் 'கோவில்' என முடிதல் நன்னூல் விதி. 'கோயில்' என யகரம் பெற்று வருதலோ பழமையும் பெருவழக்கும் உடைய ஆட்சி. இவ்விரண்டனுள் எதனை எழுதினும், படிப்போர் சங்கரநாராயணர் எழுந்தருளிய அவ்வூரையே உணர்வர்; வேறோரூரை உணரார். இதனைக் காட்டி, "கருத்து விளங்கினாற் போதும், எழுத்துப்பிழையும் இலக்கணப்பிழையும் பார்த்தல் வீண்வேலை" என்பாருமுளர். அக்கூற்று எவ்வளவில் மெய்யாகும், எவ்விடத்துப் பொருந்தாதொழியும் என்பது ஈண்டு ஆராயற்பாலது.

முதற்கண், வடிவவேறுபாடு வேறு, பிழை வேறு எனத் தெளிதல் வேண்டும். கோவில், கோயில் என்பன இரண்டும் சான்றோர் வழக்குடையன ஆதலின், அவற்றுள் எதுவும் பிழையன்று. 1978ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு ணகர லகர ளகர னகர ஐகாரங்களுக்கும், ணகர றகர னகர ஆகாரங்களுக்கும் இருந்த பழைய வரிவடிவங்களை மாற்றி, ஏனை எழுத்துக்களோடு ஒப்ப அமைத்தது. அதனால் ஒரு சொல்லின் பொருளேனும் மாறிற்றில்லை. எழுதுவோரும் படிப்போரும் ஒருங்கே அம்மாற்றத்தைக் கைக்கொண்டமையே அதற்குக் காரணம். எனவே, எழுத்தின் பயன் அதன் கோட்டிலும் வளைவிலும் இல்லை. எழுதுவோனும் படிப்போனும் ஒரு நெறியில் நிற்றலிலேயே உளது என்க.

அந்நெறி பிறழ்ந்தவழி நிகழ்வது யாது? அரன், அறன், அரண் என்னும் மூன்று சொற்களை எடுத்துக்கொள்க. முதலது சிவபெருமானையும், இரண்டாவது அறத்தையும், மூன்றாவது காவலையும் குறிப்பன. பேச்சிலே ரகர றகர வேற்றுமை பெரும்பாலும் மறைந்துவிட்டது. 'உயிர்க்கு அரன் துணை' என எழுதக் கருதியவன் 'உயிர்க்கு அறன் துணை' என எழுதிவிடின், படிப்போன் அதனைப் பிழையென்று ஐயுறவும் மாட்டான். அதுவும் ஒரு நல்லுரையாகவே நிற்கும். 'அரண் துணை' எனினும் அவ்வாறே. இங்ஙனமே 'வேலை கொடு' என்பது பணி தருக என்றும், 'வேலைக் கொடு' என்பது வேற்படையைத் தருக என்றும் பொருள்படும். ஒரு ககர மெய்யே அவ்விரண்டனையும் பிரித்து நிற்பது. பொருளற்ற பிழையைப் படிப்போன் தானே திருத்திக்கொள்வான். பொருளுடைய பிழையோ அவனை ஏமாற்றிவிடும். இடம்நோக்கி உணரலாம் என்பார் கூற்று முன்னதற்கே பொருந்தும், பின்னதற்கன்று.

அற்றேல், ஏட்டுச்சுவடிகளை எழுதினோர் இவ்வேற்றுமைகளைப் பேணாதிருந்தும் நூற்பொருள் அழியாது வந்தது எங்ஙனம் என வினவலாம். ஏடெழுதினோர் மெய்யெழுத்துக்களுக்குப் புள்ளியிடுதல் அரிது. எகர ஒகரங்களுக்கும் ஏகார ஓகாரங்களுக்கும் வடிவவேற்றுமை காட்டாது எழுதினர். நெடிலுக்குரிய காலும் ரகரமும் ஒத்த வடிவின. ஆகவே தில்லைப் பொன்னம்பலத்தைக் குறிக்கும் 'பொது' என்பதும், மலரைக் குறிக்கும் 'போது' என்பதும் ஏட்டில் ஒன்றாகவே தோன்றும். சுந்தரமூர்த்தி நாயனாருடைய தேவியாராகிய பரவையாரின் பெயரும், 'பாவை' என்னும் சொல்லும் அத்தகையனவே. எகர ஒகரங்களுக்குப் புள்ளி உண்டென இலக்கணங் கூறியிருந்தும், எழுதுவோர் அதனைக் கைவிட்டனர். வீரமாமுனிவர் (1680–1747) நெடில்களுக்கு வேறு வடிவு வகுத்த பின்னரே, அச்சிலும் அவ்வேற்றுமை நிலைபெற்றது.

ஆயினும் ஏடுகள் பொருள் மயங்காது நின்றமைக்கு இரண்டு துணைகள் இருந்தன. ஒன்று, பாடம் சொல்லும் ஆசிரியர், மற்றொன்று, யாப்பு. 'பொது' நிரையசை; 'போது' இரண்டு நேரசை. 'பரவை' நிரைநேர், 'பாவை' நேர்நேர். ஆதலின் செய்யுளிலே தளையும் எதுகையும் உண்மைப் பாடத்தைக் காட்டிக்கொடுக்கும். உரைநடைக்கோ தளையுமில்லை, எதுகையுமில்லை. தனித்திருந்து படிப்போனுக்கு அருகே ஆசிரியருமில்லை. அவ்விரு துணைகளும் செய்த காவலை உரைநடையில் எழுத்தும் இலக்கணமுமே செய்தல் வேண்டும்.

யாப்பும் காவாத இடமும் உண்டு. அத்துவிதம் என்னுஞ் சொல்லிலுள்ள எதிர்மறை முன்னிலைக்கு இன்மை, அன்மை, மறுதலை என மூன்று பொருள் உண்டென்பதும், அவற்றுள் அன்மைப்பொருளே சித்தாந்தத்திற்கு உடன்பாடென்பதும், சிவஞானபோத மாபாடியத்திலே சிவஞான முனிவர் நிறுவியவை. இரண்டின்மை எனின், இரண்டாவது பொருளே இல்லையென்றாகும். ஆன்மா இல்லையாகவே, கட்டுண்டவனும் வீடுபெறுவோனும் இல்லையாய், திருவருள் யார்பொருட்டு நிகழ்வது என்னும் வினா விடையின்றி நிற்கும். இரண்டன்மை எனின், இறைவனும் உயிரும் பொருளால் வேறாயிருந்தும் கலப்பினாலே இரண்டெனப் பிரிக்கப்படாது நிற்கும் நிலை விளங்கும். இரண்டின்மை, இரண்டன்மை என்னும் இவற்றிடையே எழுத்தளவில் உள்ள வேற்றுமை, டகரத்தின் மேல் ஏறிய இகரத்தின் சுழி ஒன்றே. இரண்டும் அசையால் ஒத்தன; எதுகையால் ஒத்தன; இலக்கணத்தாலும் குற்றமில்லாதன. அச்சுழி ஒன்று கூடினும் குறையினும் ஒரு சமயம் வேறொரு சமயமாய்விடும்.

இத்துணை நுட்பத்தை நாட்டிய முனிவர் இலக்கணத்திலும் பேராசிரியராயிருந்தது தற்செயலன்று. சங்கரன்கோவிலுக்குத் தெற்கேயுள்ள ஊற்றுமலையில் ஆட்சிபுரிந்த மருதப்பத் தேவர் வேண்டுகோளால், சங்கரநமச்சிவாயர் நன்னூலுக்கு விருத்தியுரை இயற்றினார். அவ்வுரையைப் பின்னர்த் திருத்தி விளக்கியவர், 1785ஆம் ஆண்டு இறைவனடி சேர்ந்த இச்சிவஞான முனிவரே. அதனை 1851ஆம் ஆண்டு அச்சிற் பதிப்பித்தவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர். எழுத்துச் செம்மையும் சித்தாந்தத் தெளிவும் இவ்விருவரிடத்தும் ஒருங்கே நின்றன.

"கண்ணப்பர் எவ்விலக்கணம் கற்றார்? அன்பன்றோ இறைவன் வேண்டுவது?" எனின், அது மறுக்கப்படாத உண்மை. இறைவன் எழுத்தின்றியே உள்ளத்தை அறிபவன்; மக்களோ எழுத்தின் வாயிலாகவன்றிப் பிறர் உள்ளத்தை அறியமாட்டார். இலக்கணம் வேண்டப்படுவது இறைவன்பொருட்டன்று, உடன்வாழும் மக்கள்பொருட்டே. கச்சியப்ப சிவாசாரியர் கந்தபுராணத்தைக் காஞ்சிக் குமரகோட்டத்தில் அரங்கேற்றியபோது, அதன் முதலிலுள்ள 'திகட' என்னும் புணர்ச்சிக்குப் புலவர் விதி கேட்டனர் என்பது வழிவழி வந்த வரலாறு. முருகப்பெருமான் புலவருருக் கொண்டு வந்து, வீரசோழியத்தில் அதற்கு விதி உண்மையைக் காட்டினார் என்ப. விதி கேட்டவரை ஆண்டவன் வெகுண்டிலன், விதியையே காட்டினான்.

ஆகவே, கல்லாதார் எழுதிய முடங்கலிற் பிழை கண்டு நகைத்தல் அறிவுடைமையன்று. அன்பே அங்குப் பொருள். நூல் எழுதுவோரும் பதிப்போரும் தம் பிழையை அவ்வன்பின் மறைவில் ஒளித்தலும் தகாது. அவர் இட்டதோர் சுழியை நம்பியே, அவர் முகமறியாத ஒருவன் தன் சமயப்பொருளைத் தெளியவிருக்கின்றான்.