பசித்தவர் யாரெனக் கேளாத ஈகை

முத்தையாபுரத்திற்கு அண்மையில் உள்ளது தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகம். 2022-ஆம் ஆண்டு ஜூன், ஜூலைத் திங்கள்களில் அரிசியும் பால்மாவும் மருந்தும் ஏற்றிய கப்பல்கள் அங்கிருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்டன. அந்நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வெளியே வருகையில், அன்பர் ஒருவர் என் கரம் பற்றிக் கேட்டார்: "ஹஸ்ரத்! நம்மவர் ஜனாஸாக்களைத் தீயிலிட்ட நாட்டுக்கா நம் அரிசி போகிறது?"

புறந்தள்ளத்தக்க கேள்வியன்று அது. 2014 ஜூனில் அளுத்கமையிலும், 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்திலும் முஸ்லிம்களின் இல்லங்களும் கடைகளும் எரிந்தன. கொரோனாக் காலத்தில், 2020 முதல் 2021 பிப்ரவரி வரை, மரித்தோரை அடக்கம் செய்யும் உரிமையும் மறுக்கப்பட்டது. இவை சிங்களப் பேரினவாதம் தந்த காயங்கள். 1990 அக்டோபரில் 70,000-க்கும் மேற்பட்ட வடபுலத்து முஸ்லிம்களைப் பிறந்த மண்ணிலிருந்து விரட்டியவர்களோ தமிழ் பேசிய விடுதலைப் புலிகள். காயங்களை எண்ணிக் கணக்கெழுதத் தொடங்கினால் அத்தீவில் எவருக்கும் ஒரு பிடி அரிசி தர இயலாது.

அந்த அன்பருக்கு நான் ஸுமாமா இப்னு உதால் (ரலி) அவர்களின் வரலாற்றை நினைவூட்டினேன். யமாமாவின் தலைவரான அவர் இஸ்லாத்தைத் தழுவியபின், மக்காவுக்குச் செல்லும் தானியத்தைத் தடுத்தார். குறைஷியர் பசியால் வாடினர். உறவு முறையைச் சொல்லி அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கு மடல் எழுதினர். அவர்கள் யார்? அபூதாலிப் கணவாயில் நபிகளாரின் குடும்பத்தாரை ஏறக்குறைய மூன்றாண்டுகள் பசியில் வாட விட்டவர்கள்! ஆயினும் பெருமானார் (ஸல்) அவர்கள், தானியத்தைத் தடுக்காது விடுமாறு ஸுமாமாவுக்கு எழுதினார்கள் என சீறா நூல்கள் கூறுகின்றன. பகைமை நீடித்த போதும் பசி ஆயுதமாக்கப்படவில்லை.

தமிழகம் அனுப்பிய உதவியிலும் இத்தகையதொரு பாடம் உண்டு. இலங்கைத் தமிழர்க்கு உதவுவதே முதலில் தமிழக அரசு கொண்டிருந்த எண்ணம். ஆனால் அங்குள்ள தமிழ்த் தலைவர்களோ, தமிழர்க்கு மட்டும் எனப் பிரித்து அனுப்பாதீர், அனைவர்க்கும் அனுப்புங்கள் என வேண்டினர். 2022 ஏப்ரல் 29-இல் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது: 40,000 டன் அரிசி, 500 டன் பால்மா, 137 வகை மருந்துகள், மதிப்பு 123 கோடி ரூபாய்.

அவ்வேண்டுகோளின் ஆழத்தைச் சிந்தியுங்கள். ஒரே தெருவில் ஒரு வீட்டில் உலை கொதித்து, அடுத்த வீட்டில் குழந்தை அழுதால், அந்த அரிசியே நாளைய பகைக்கு வித்தாகும். போரால் பிளவுண்ட நாட்டில் எவ்வளவு கொடுக்கிறோம் என்பதினும் எவ்வாறு கொடுக்கிறோம் என்பதே பெரிது. ஒரே வரிசையில் நின்று ஒரே மூட்டையில் அரிசி பெறும் தமிழரும் முஸ்லிமும் சிங்களவரும் ஒருவர் பசியை மற்றவர் கண்ணால் காண்கின்றனர்.

நம் கரையும் இதனை அறியும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, செய்துங்கநல்லூர்ப் பள்ளிவாசல் இந்துக் குடும்பங்களுக்குப் புகலிடமாயிற்று. மழை மஹல்லா பார்த்துப் பெய்யவில்லை.

ஆதலால் ஜமாஅத் பெரியோர்க்கு ஒன்று கூறுவேன். ஜகாத்துக்கு உரியோரைத் திருமறை வரையறுத்துள்ளது, அவ்வரம்பைப் பேணுங்கள். ஸதகாவின் வாசலோ அகன்றது. நிவாரணப் பட்டியல் எழுதுகையில் அடுத்த தெருவின் பசியையும் அதில் எழுதுங்கள். உதவுதல் என்பது அநீதியை மறப்பதன்று. உரிமையைக் கேட்பதும் கடமையே. ஜனாஸா எரிப்புக்காக இலங்கை அமைச்சரவை 2024 ஜூலையில் மன்னிப்புக் கோரியது. நீதி கேட்கும் நாவும் உணவு நீட்டும் கரமும் ஒரே முஃமினுடையவையாக இருக்கட்டும்.

பகைவன் வீட்டுப் பசியையும் தணிக்கும் உள்ளத்தை வல்ல இறைவன் நமக்கு நல்குவானாக! ஆமீன்.