வலியைத் தணிக்கும் ஜி புரதம்

விரலில் முள் குத்தினால், அந்தச் செய்தி மின்துடிப்பாக நரம்பணுவின் வழியே ஓடி முதுகுத்தண்டை அடைகிறது. அங்கே ஒரு தடங்கல். ஒரு நரம்பணுவின் முனைக்கும் அடுத்த நரம்பணுவுக்கும் இடையே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. மின்துடிப்பால் அதைத் தாண்ட இயலாது. ஆகவே, செய்தி வேதிப்பொருளாக மாறி அந்த இடைவெளியைக் கடக்கிறது.

இந்த மாற்றத்தைத் தொடங்கி வைப்பது கால்சியம். பல்லுக்கும் எலும்புக்கும் உறுதி தருவதாக நாம் அறிந்துள்ள அதே கால்சியம்தான்! நரம்பணுவுக்கு வெளியே கால்சிய அயனிகளின் செறிவு, உள்ளே இருப்பதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு அதிகம். எனினும், நரம்பணுவின் சவ்வில் உள்ள புரத வாயில்கள் மூடியிருப்பதால் அவை உள்ளே நுழைய முடிவதில்லை. மின்துடிப்பு நரம்பு முனையை எட்டியதும் சவ்வின் மின்னழுத்தம் மாறுகிறது, வாயில்கள் திறக்கின்றன, கால்சியம் உள்ளே பாய்கிறது. உடனே, அங்குள்ள நுண்பைகள் தம்மிடமுள்ள வேதிப்பொருளை இடைவெளியில் கொட்டுகின்றன.

வலி மிகும்போது நம் உடலே எண்டார்பின் என்னும் வலிதணிப்பானைச் சுரக்கிறது. அது நரம்பணுவுக்குள் நுழைவதில்லை. சவ்வின் வெளிப்புறத்தில் உள்ள ஏற்பியில் பொருந்துகிறது. அந்த ஏற்பியின் உட்புறத்தில்தான் ஜி புரதம் இருக்கிறது. ஆல்பா, பீட்டா, காமா என்பன அதன் மூன்று பகுதிகள். ஏற்பி தூண்டப்பட்டதும் ஆல்பா பிரிந்துவிடும். பீட்டாவும் காமாவும் பிரியாமல் சேர்ந்தே சென்று, அருகிலுள்ள கால்சிய வாயிலைப் பற்றிக்கொள்ளும். பிடிபட்ட வாயில் எளிதில் திறப்பதில்லை. கால்சியத்தின் வரவு குறைய, வேதிப்பொருளும் குறைகிறது, வலிச்செய்தி வலுவிழக்கிறது. இந்தப் பிடி நிலையான பூட்டன்று என்பதே இதில் வியப்பு. வலுவான மின்துடிப்புகள் அடுத்தடுத்து வந்தால் பிடி தளர்ந்து, வாயில் மீண்டும் திறக்கும். ஜி புரதங்களைக் கண்டறிந்தமைக்காக ஆல்பிரட் கில்மன், மார்ட்டின் ராட்பெல் ஆகிய இருவருக்கும் 1994ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மருத்துவமனைகளில் கடும் வலிக்குத் தரப்படும் மார்பினும் இதே ஏற்பியில்தான் பொருந்துகிறது. ஆனால், மூச்சைக் கட்டுப்படுத்தும் நரம்பணுக்களிலும் இவ்வேற்பிகள் உள்ளன. அளவு மீறினால் மூச்சே நின்றுபோகலாம். அதோடு, நாளாக நாளாக அதே அளவு மருந்து போதாமலும் போகிறது.

ஏற்பியையும் ஜி புரதத்தையும் நாடாமல், கால்சிய வாயிலையே நேரடியாக அடைத்தால் என்ன? அதற்கான பொருள் கடலில் கிடைத்தது. மீனைச் செயலிழக்கச் செய்து விழுங்கும் ஒருவகைக் கூம்பு நத்தையின் நஞ்சில் உள்ள பொருளைப் போலவே ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட மருந்து, சிக்கோனோடைட். அமெரிக்கா 2004ஆம் ஆண்டு இதற்கு ஒப்புதல் அளித்தது. மார்பினைப் போல இதன் ஆற்றல் நாளடைவில் மங்குவதில்லை. ஆனால், இதனை மாத்திரையாக விழுங்க முடியாது. முதுகுத்தண்டைச் சூழ்ந்துள்ள நீர்மத்தில் நேரடியாகச் செலுத்த வேண்டும். தலைச்சுற்றல், மனக்குழப்பம் போன்ற பக்கவிளைவுகளும் உண்டு. ஆதலால், பிற மருந்துகளுக்குக் கட்டுப்படாத கடும் வலியால் துன்புறுவோருக்கு மட்டுமே மருத்துவர்கள் இதனைத் தருகின்றனர்.