நுண்ணுயிரியல் பட்டப்படிப்பில் மதிப்பெண்ணும் விதிகளும்

பிளஸ் டூ முடித்து பி.எஸ்சி. நுண்ணுயிரியலில் சேரும் மாணவர்களுக்குப் பாடம் முற்றிலும் புதிதல்ல. பாக்டீரியாவையும் வைரஸையும் உங்கள் வகுப்பறையிலேயே சந்தித்துவிட்டுத்தான் வருகிறார்கள். மேல்நிலையில் நுண்ணுயிரியலைத் தனிப் பாடமாகவே எடுத்துப் படித்தவர்களும் உண்டு. அவர்களுக்குப் புதியவை விதிகள்தாம். முதல் பருவத்தில் தடுமாறுபவர்களில் பலர் பாடம் புரியாமல் தடுமாறுவதில்லை; மதிப்பெண் எந்த வழியில் வருகிறது, எந்த வழியில் போகிறது என்று தெரியாமல் தடுமாறுகிறார்கள். வீட்டில் முதல் பட்டதாரியாக வரும் பிள்ளைக்கு இதைச் சொல்ல அண்ணனோ அக்காவோ இருப்பதில்லை. கல்லூரியில் இந்தப் பாடத்தைக் கற்பிப்பவள் என்ற முறையில், அனுப்பிவைக்கும் ஆசிரியர்களாகிய உங்களுக்கு இதை விளக்கிவைப்பது பயன்படும் என்று நினைக்கிறேன்.

பிளஸ் டூ உயிரியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. மூன்றும் ஒரே பாடத்தின் 100க்குள் அடங்கிவிடும். கல்லூரியில் எழுத்துத்தாள் தனிப் பாடம், செய்முறை தனிப் பாடம். ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பெண், தனித் தேர்ச்சி. எழுத்துத்தாளில் பெரும்பாலும் 25 அகமதிப்பீடு, 75 பல்கலைக்கழகத் தேர்வு. செய்முறையில் பல இடங்களில் 40, 60. தன்னாட்சிக் கல்லூரிகளில் இந்தப் பங்கீடு மாறும். அந்த 25 என்பது மாதத் தேர்வுகள், ஒப்படைவு, கருத்தரங்கு, வருகைப்பதிவு என்று சிறு சிறு துண்டுகளாகச் சேர்வது.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு மாணவி அகமதிப்பீட்டில் 24, பல்கலைக்கழகத் தேர்வில் 28 வாங்குகிறாள். கூட்டினால் 52. தேர்ச்சிக்கு 40 போதும் என்றுதான் அவளுக்குத் தெரியும். ஆனால் பல பல்கலைக்கழகங்களில் 75க்குத் தனியாக 40 விழுக்காடு, அதாவது 30 எடுத்தாக வேண்டும். 52 வாங்கியும் அவளுக்கு அரியர். எதிர்ப்பக்கத்திலும் ஒரு பொறி இருக்கிறது. அகமதிப்பீட்டில் 5 மட்டும் வாங்கியவன் அரியர் எழுதும்போதும் பெரும்பாலான இடங்களில் அந்த 5 அப்படியே தொடரும். அவனுக்கு 30 போதாது, 35 வேண்டும். பருவத்தின் நடுவில் தவறவிட்ட ஒரு மாதத் தேர்வும் ஓர் ஒப்படைவும் இரண்டு ஆண்டு கழித்தும் அவனைத் துரத்துகின்றன.

வருகைப்பதிவு 75 விழுக்காடு என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. அதற்குக் கீழே போனால் சலுகைக் கட்டணம், இன்னும் கீழே போனால் அந்தப் பருவத் தேர்வு எழுத முடியாது, மிகவும் குறைந்தால் பருவத்தையே திரும்பப் படிக்க வேண்டும். பகுதிநேர வேலைக்குப் போகும் மாணவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். விதி விழுக்காட்டில் இருக்கிறது. அவர்கள் மனத்தில் நாள் கணக்கு இருக்கிறது. 90 வேலை நாள் கொண்ட பருவத்தில் 22 நாள் விடுப்பு எடுத்தால் தாங்கும், 23ஆவது நாள் தாங்காது என்று எண்ணாகச் சொன்னால்தான் உறைக்கிறது.

செய்முறை வகுப்பில் வருகைக்கு இன்னும் கண்டிப்பு ஏன் என்று பெற்றோர் கேட்பதுண்டு. வேதியியலில் தவறிய தரம் பார்த்தலை அடுத்த வாரம் செய்துவிடலாம். உப்பும் அமிலமும் காத்திருக்கும். பாக்டீரியா காத்திருக்காது. செவ்வாய்க்கிழமை பெட்ரித் தட்டில் கோடிட்டு, 37 டிகிரி செல்சியஸில் தலைகீழாக அடைகாக்க வைத்தால் புதன்கிழமை காலனிகளைப் பார்க்க வேண்டும். கிராம் சாயமேற்றலுக்கு ஒரு நாளுக்குள் வளர்ந்த இளம் வளர்ப்பு வேண்டும். பழைய வளர்ப்பில் செல்சுவர் பலவீனப்பட்டு, ஊதாவாக இருக்க வேண்டிய கிராம் பாசிட்டிவ் செல்களும் இளஞ்சிவப்பாகத் தெரியும். ஆகவே ஒரு மாணவன் வராத நாளின் சோதனையைத் திரும்ப அமைக்க ஊடகம் காய்ச்சி, ஆட்டோகிளேவில் வைத்து, வளர்ப்பைப் புதுப்பித்து என்று இரண்டு மூன்று நாள் வேலை ஆகும். காய்ச்சலில் படுத்தவனுக்காக அதைச் செய்வோம், எல்லோருக்கும் செய்ய முடியாது. காரணத்தோடு சொன்னால் மாணவர்கள் இதை ஏற்றுக்கொள்கிறார்கள். விதியை மட்டும் சொன்னால் முணுமுணுக்கிறார்கள்.

பாதுகாப்பு விதிகளை நான் மதிப்பெண்ணோடு சேர்ப்பதில்லை. ஏப்ரன் இல்லாமல் வந்தால் 2 மதிப்பெண் குறையும் என்று வைத்தால், 2 மதிப்பெண்ணை விட்டுக்கொடுத்து ஏப்ரன் இல்லாமல் வேலை செய்யலாம் என்று அதற்குப் பொருளாகிவிடும். கோட்டு, கட்டிய முடி, மூடிய செருப்பு, உள்ளே உணவு கூடாது, கைப்பேசி மேசைமேல் கூடாது, வாயால் பிப்பெட்டை உறிஞ்சக் கூடாது, வேலைக்கு முன்னும் பின்னும் மேசையைக் கிருமிநாசினியால் துடைக்க வேண்டும். இவை உள்ளே வருவதற்கான நிபந்தனைகள். கோட்டு வாங்க முடியாத பிள்ளை வெளியே நிற்கக் கூடாது என்பதற்காகத் துறையிலேயே நான்கைந்து கோட்டுகளை மாட்டிவைத்திருக்கிறோம்.

இனி ரெக்கார்டு நோட்டுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையில் நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைப் பற்றித்தான்.

1884இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் வெளியிட்ட சாயமேற்றல் முறை இன்றும் முதலாண்டு மாணவரின் முதல் பெரிய சோதனை. கிரிஸ்டல் வயலட் ஒரு நிமிடம், அயோடின் ஒரு நிமிடம், ஆல்கஹால் சில விநாடி, பிறகு சாஃப்ரனின். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஊதாவாகவும் ஈ. கோலை இளஞ்சிவப்பாகவும் தெரிய வேண்டும். எல்லாம் அந்த ஆல்கஹால் விநாடிகளில் இருக்கிறது. சற்று அதிகம் கழுவினால் ஊதா போய்விடும். குறைவாகக் கழுவினால் எல்லாமே ஊதா. புதிதாகச் செய்யும் கைக்கு இது தவறுவது இயல்பு.

இப்போது மதிப்பெண்ணை எதற்குத் தருவது? சரியான நிறத்துக்கு என்றால் மாணவர்கள் உடனே கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்றுதான்: நுண்ணோக்கியில் என்ன தெரிந்தாலும், போன ஆண்டு அக்காவின் ரெக்கார்டைப் பார்த்து அழகான ஊதா உருண்டைகளைத் திராட்சைக் கொத்தாக வரைந்துவிடு. ஸ்லைடு இளஞ்சிவப்பு, படம் ஊதா, மதிப்பெண் முழுவதும். பார்த்ததைப் பார்த்தபடி வரைந்த நேர்மையான பிள்ளைக்குப் பாதி. இந்தப் பழக்கத்தோடு ஒருவர் நாளை மருத்துவமனை ஆய்வகத்தில் அமர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. நோயாளிக்கு எந்த ஆன்டிபயாட்டிக் என்ற முடிவின் முதல் படி பல நேரங்களில் அந்த நிறம்தான்.

அதனால் என் வகுப்பில் இந்தச் சோதனையின் 10 மதிப்பெண் இப்படிப் பிரியும்: மெல்லிய, சீரான பூச்சுக்கு 2, சாயமேற்றும் முறைக்கு 2, எண்ணெய் அமிழ்வு லென்ஸில் 1000 மடங்கு உருப்பெருக்கத்தில் குவியம் கொண்டுவருவதற்கு 2, தெரிந்ததைத் தெரிந்தபடி பதிவதற்கு 2, கிடைத்த முடிவுக்குக் காரணம் சொல்வதற்கு 2. நிறம் தவறிய மாணவியும், 'ஆல்கஹாலை அதிக நேரம் விட்டுவிட்டேன், அதனால் ஊதா கழுவப்பட்டிருக்கலாம்' என்று எழுதினால் முழு மதிப்பெண்ணுக்கு அருகில் வந்துவிடுவாள். பதிவைச் சரிபார்க்கும் வழியும் எளிது. படம் வரையும்போதே அவரவர் நுண்ணோக்கியில் எட்டிப் பார்த்து, நோட்டில் தேதியிட்டுக் கையொப்பமிட்டுவிடுவேன். வீட்டுக்குப் போய் அழகுபடுத்த இடமில்லை. ஓவியத் திறமைக்கு மதிப்பெண் கிடையாது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுவேன்; வண்ணப் பென்சில் செட்டு வாங்கும் செலவும் மிச்சம்.

எண்ணிக்கைச் சோதனையிலும் இதே சிக்கல்தான். மாதிரியை லட்சம் மடங்கு நீர்த்து, அதில் 0.1 மில்லிலிட்டரைத் தட்டில் பரப்பி, 124 காலனிகள் வந்தால், ஒரு மில்லிலிட்டரில் 12.4 கோடி. 30 முதல் 300 வரை காலனி உள்ள தட்டையே கணக்கில் எடுக்க வேண்டும் என்பது வழக்கம். வகுப்பு முழுவதும் 124 என்று எழுதியிருந்தால், ஒருவர் எண்ணியதை மற்றவர்கள் நகலெடுத்திருக்கிறார்கள் என்று பொருள். உங்கள் பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் எல்லோருக்கும் ஒரே பியூரெட் அளவீடு வரும் அதிசயத்துக்கு இது உறவுக்காரன்.

மூன்றாம் ஆண்டில் ஒவ்வொருவருக்கும் எண் ஒட்டிய ஒரு குழாயைக் கொடுத்து, உள்ளே இருக்கும் பாக்டீரியா எது என்று கண்டுபிடிக்கச் சொல்வோம். சாயமேற்றல், கேட்டலேஸ், பிறகு இண்டோல், மெத்தில் ரெட், வோஜஸ்-பிராஸ்கவர், சிட்ரேட் ஆகிய நான்கு சோதனைகள். ஈ. கோலை என்றால் முதலிரண்டும் பாசிட்டிவ், பின்னிரண்டும் நெகட்டிவ். இதில் நான் பெயருக்குக் கொடுப்பது ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே. ஏன் அடுத்து இந்தச் சோதனையைத் தேர்ந்தெடுத்தாய், முரண்பட்ட முடிவு வந்தபோது என்ன செய்தாய், தூய வளர்ப்புதான் என்று எப்படி உறுதிசெய்தாய் என்பவற்றுக்கே மீதி. ஒரு மாணவன் பெயரைச் சொல்ல முடியாமல், தன் குழாயில் இரண்டு வகை கலந்துவிட்டது என்பதை மூன்று பக்கத்தில் நிறுவினான். அந்த ஆண்டின் மிக நல்ல அறிக்கைகளில் ஒன்று அது.

வகுப்பில் முதல் சிலருக்கு மட்டும் உயர்ந்த தரம் என்று ஒப்பிட்டு மதிப்பிடும் முறை சில உயர்கல்வி நிறுவனங்களில் உண்டு. நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்கு அது ஒத்துவராது என்பது என் கருத்து. ஒரே ஊடகம், ஒரே அடைகாப்பான், ஒரே சாயப்புட்டி. பக்கத்து மாணவியின் தட்டு கெட்டால் எனக்கு லாபம் என்ற நிலை ஏற்பட்டால், புட்டி திறந்தே கிடந்தாலும் யாரும் மூடமாட்டார்கள்.

தரப்புள்ளிக் கணக்கையும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட் உண்டு. வாரத்துக்கு ஒரு மணி நேர விரிவுரை அல்லது இரண்டு மணி நேரச் செய்முறை ஒரு கிரெடிட் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் கணக்கு. கிரெடிட்டைத் தரப்புள்ளியால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுக்க வேண்டும். முதன்மைத் தாள் 5 கிரெடிட், 6 புள்ளி. செய்முறை 4 கிரெடிட், 9 புள்ளி. தமிழ் 3 கிரெடிட், 7 புள்ளி. ஆங்கிலம் 3 கிரெடிட், 5 புள்ளி. கூட்டினால் 102, 15ஆல் வகுத்தால் 6.8. அதே மாணவர் ரெக்கார்டை முடிக்காமல் செய்முறையில் 5 புள்ளி மட்டும் எடுத்தால் 5.73க்கு இறங்கிவிடுவார். ஆங்கிலத்தில் பின்தங்கும் நம் பிள்ளைகளுக்குச் செய்முறைதான் பெரிய கைகொடுப்பு. அதையே பலர் அலட்சியப்படுத்துகிறார்கள்.

தர எழுத்துகள் ஊருக்கு ஊர் வேறு. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் டி என்பது டிஸ்டிங்ஷன், அதாவது 75 முதல் 79 வரை. ஏ பிளஸுக்கும் மேலே. "மேடம், டி-ன்னு போட்டிருக்காங்களே, பொண்ணு ஃபெயிலா?" என்று கலங்கிய குரலில் போனில் கேட்ட அப்பா உண்டு. தோல்வியைக் குறிப்பது அங்கே யூ.

உங்களிடம் கேட்பது இரண்டு. பிளஸ் டூ முடித்துப் போகும் பிள்ளைகளிடம், கல்லூரியில் முதல் வாரத்திலேயே தேர்வு விதிமுறைப் பக்கத்தைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்: அகமதிப்பீட்டின் பிரிவு, எழுத்துத் தேர்வின் தனிக் குறைந்தபட்சம், வருகை விதி. மூன்றும் அதிலேயே இருக்கும். இரண்டாவது, பள்ளியில் விரல் பதித்த ரொட்டித் துண்டிலோ அகார் தட்டிலோ என்ன வளர்கிறது என்று காட்டும்போது, விளிம்பை ஒட்டி, மூடிய நிலையிலேயே பார்க்க வையுங்கள். கையிலிருந்து வளர்ந்தது என்னவென்று நமக்குத் தெரியாது. திறந்து முகர்வதும் வேறு தட்டுக்கு மாற்றுவதும் வேண்டாம். பார்த்து முடித்ததும் பிரஷர் குக்கரில் வேகவைத்தோ பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்தோ அப்புறப்படுத்துங்கள். அந்தக் குக்கர் மீண்டும் சமையலறைக்குப் போகக் கூடாது. அன்று ஒன்றுமே வளராத தட்டு கிடைத்த மாணவனையும், 'ஒன்றும் வளரவில்லை' என்று தேதியோடு நோட்டில் எழுத விடுங்கள்.