உயிருள்ள செல் இரண்டாகப் பிரிவதை நேரில் பார்க்க முடியுமா? வழிகாட்டும் ஈஸ்ட்!

நம் உடலில் ஒவ்வொரு நொடியும் லட்சக்கணக்கான செல்கள் இரண்டிரண்டாகப் பிரிகின்றன. இதில் கணக்கு தப்பினால் புற்றுநோய் வரை போகலாம். சரி, அந்தப் பிரிவு செல்லுக்குள்ளே எப்படி நடக்குது? அதை வீடியோ மாதிரி பார்க்க முடியுமா? முடியும். அதற்கு உதவுவது ஈஸ்ட்.

ஏன் ஈஸ்ட்?

'ஸ்கிசோசாக்கரோமைசிஸ் பொம்பே' என்பது ஆப்பிரிக்கச் சிறுதானிய பீரில் கண்டறியப்பட்ட ஈஸ்ட். சுவாஹிலி மொழியில் 'பொம்பே' என்றால் பீர். கேப்ஸ்யூல் வடிவில் இருக்கும் இந்த செல், சுமார் 14 மைக்ரான் நீளம் வளர்ந்ததும் சரியாக நடுவில் பிரியும்.

இதுக்கும் மனிதனுக்கும் என்ன சம்பந்தம்? செல் பிரிவைத் தொடங்கிவைக்கும் மரபணு பழுதான ஈஸ்ட்டுக்குள் மனித மரபணுவைச் செலுத்தினார்கள் மெலனி லீயும் பால் நர்ஸும். ஈஸ்ட் மறுபடியும் பிரியத் தொடங்கியது! இது நடந்தது 1987-ல். நர்ஸுக்கு 2001-ல் நோபல் பரிசு கிடைத்தது.

புரதத்துக்கு 'லைட்' போடுவது எப்படி?

ஒளிரும் ஜெல்லி மீனிலிருந்து ஒரு பச்சைப் புரதத்தை 1962-ல் பிரித்தெடுத்தார் ஒசாமு ஷிமோமுரா. நீல ஒளி பட்டால் இது பச்சையாக ஒளிரும். இதன் மரபணுவை ஈஸ்ட்டில் உள்ள ஒரு புரதத்தின் மரபணுவோடு ஒட்டிவிட்டால் போதும். அந்தப் புரதம் எங்கே போனாலும் விளக்கோடுதான் போகும். இந்தப் பச்சைப் புரத ஆய்வுக்கு 2008-ல் வேதியியல் நோபல் கிடைத்தது.

பிறகு மைக்ராஸ்கோப்பில் குறிப்பிட்ட இடைவெளியில் படம் எடுத்துக்கொண்டே போவார்கள். சேர்த்து ஓட்டினால், மணிக்கணக்கில் நடந்தது சில நொடிகளில் ஓடும். இதுதான் டைம்-லாப்ஸ்.

என்ன தெரிந்தது?

முன்பெல்லாம் செல்லைக் கொன்று, பதப்படுத்தித்தான் பார்ப்பார்கள். எது முன்னால், எது பின்னால் என்று சொல்வது கஷ்டம். இப்போது வரிசை தெளிவாகத் தெரிகிறது.

* முதலில் 'மிட்1' புரதம் செல்லின் நடுவில் புள்ளி புள்ளியாக வந்து நிற்கும்.
* அடுத்து மயோசின் போன்ற புரதங்கள் அதே புள்ளிகளில் வந்து சேரும்.
* ஆக்டின் இழைகளைப் பிடித்து இழுத்து, சுமார் 10 நிமிடத்தில் புள்ளிகள் ஒன்றுகூடி வளையமாகும்.
* கொஞ்ச நேரக் காத்திருப்புக்குப் பின், சுருக்குப்பையின் கயிற்றை இழுப்பதுபோல வளையம் சுருங்கும். செல் இரண்டாகும்.

வெளிச்சமே வில்லன்!

ஆனா, ஒரு சிக்கல். பார்க்க உதவும் அதே ஒளி செல்லைப் பாதிக்கும். விளக்குப் புரதமும் மெல்ல மங்கும். அடிபட்ட செல் தாமதமாகப் பிரிந்தால், அதையே இயல்பு என்று நினைத்துவிடலாம். அதனால்தான் ஒளியையும் படங்களின் எண்ணிக்கையையும் குறைக்கிறார்கள். ஒளி படாத செல்களும் அதே வேகத்தில் பிரிகின்றனவா என்று ஒப்பிடுகிறார்கள்.

நமக்கு என்ன பயன்?

மனித செல்லும் ஆக்டின்-மயோசின் வளையத்தால்தான் பிரிகிறது. ஈஸ்ட்டில் பார்த்ததை அப்படியே மருந்தாக்கிவிட முடியாது. ஆனா, செல் பிரிவு தவறும்போது பழுதை எங்கே தேடணும் என்பதற்கு இந்தப் பச்சைப் புள்ளிகள் வழிகாட்டுகின்றன.