மருந்தும் மெய்யசைவும் : மனநோய் மருந்துகளின் ஒரு பக்கவிளைவு பற்றி

கொழும்புத் தமிழரின் பேச்சுவழக்கில் ‘அங்கொடை’ என்பது ஊர்ப்பெயர் மட்டுமன்று. மனநோய் வைத்தியசாலை அங்கு அமைந்தமையால் அது ஏளனச் சொல்லாகவும் வழங்குகிறது. அவ்வைத்தியசாலை இன்று தேசிய மனநல நிறுவகமாகப் பெயர் மாறியபோதும் சொல்லின் கறை அகலவில்லை. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒருவர் கைநடுங்க, காலிழுத்து நடந்து செல்வாராயின், அவரது பைத்தியமே உடலில் வெளிப்படுகிறதெனப் பார்ப்போர் முடிவுகட்டுவர். ஆயின் அவ்வசைவுகளுட் பல, நோயைத் தணிக்கும் மருந்தினால் விளைபவை. இவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1952இல் பாரிசில் டிலே, டெனிக்கர் ஆகியோர் குளோர்புரோமசினை மனநோய்ச் சிகிச்சையிற் பயன்படுத்தினர். அதே ஆண்டில் சர்ப்பகந்தி வேரிலிருந்து ரெசர்ப்பைன் பிரித்தெடுக்கப்பட்டது. அவ்வேர் மனநோயைத் தணிப்பதை இந்திய மருத்துவர்களான சென், போஸ் ஆகியோர் 1931இலேயே எழுதியிருந்தனர். இவ்விரு மருந்துகளும் மனத்தை அமைதிப்படுத்தின; உடலையோ விறைக்கச் செய்தன. ரெசர்ப்பைனால் அசைவற்றுக் கிடந்த முயல்கள் டோபா கொடுக்கப்பட்டதும் மீண்டும் இயங்கியதை 1957இல் கார்ல்சன் காட்டினார். மூளையிலுள்ள டோபமின் என்னும் பொருளே இயக்கத்துக்கு இன்றியமையாதது என்ற உண்மை இதன்வழித் துலங்கியது. ரெசர்ப்பைன் டோபமினின் சேமிப்பைக் குறைக்கிறது. குளோர்புரோமசின், ஹலோபெரிடோல் போன்றவை அதன் செயலைத் தடுக்கின்றன.

விளையும் கோளாறுகளை நால்வகைப்படுத்தலாம். மருந்து தொடங்கிய சில மணித்தியாலங்களில் அல்லது நாட்களிற் கழுத்து முறுகுதலும் கண்கள் மேற்செருகுதலும் முதலாவது வகை. கிழமைகள் செல்லத் தோன்றும் நடுக்கமும் விறைப்பும் இரண்டாவது. இது பார்க்கின்சன் நோயை ஒத்தது. ஓரிடத்தில் இருக்கவோ நிற்கவோ விடாத தவிப்பு மூன்றாவது. நான்காவது, மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்து வருவது: நாக்குச் சுழலுதல், வாய் சப்புதல், உதடு குவிதல். முதல் மூன்றும் தக்க சிகிச்சையாற் பெரும்பாலும் தணியும். நான்காவது, மருந்தை நிறுத்திய பின்னரும் நிலைக்கக்கூடும்.

மூன்றாவது வகையே பெரிதும் தவறாக விளங்கிக்கொள்ளப்படுவது. தவித்து உலாவுபவரை ‘நோய் முற்றிவிட்டது’ எனக் கருதி மருந்தின் அளவை உயர்த்தினால் தவிப்பும் உயரும். நடுக்கத்துக்குக் கொடுக்கப்படும் பென்ஸ்ஹெக்சோல் நான்காவது வகையை மோசமாக்கவும் கூடும்.

இங்கு வர்க்கப் பிரச்சினையும் உண்டு. மலிவான பழைய மருந்துகளே இக்கோளாறுகளை அதிகம் விளைவிப்பவை. அவற்றை உட்கொள்ளும் வளர்ந்தோருள் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய நூற்றுக்கு 5 பேர் நான்காவது வகைக்கு ஆளாகின்றனர். அதனைத் தணிக்க 2017இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட வல்பெனசின் ஏழைக்கு எட்டாத விலையுடையது. ஆகவே பக்கவிளைவின் சுமையும் சமனாகப் பங்கிடப்படுவதில்லை.

எனினும் பழி முழுவதையும் மருந்தின்மீது சுமத்துவது விஞ்ஞான நோக்காகாது. மருந்தே உட்கொண்டிராத முதிய மனச்சிதைவு நோயாளரிடத்தும் இத்தகைய அசைவுகள் காணப்படுவதை, சென்னையில் மக்கிறீடி, தாரா முதலியோர் நடத்தி 1996இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. எனவே சிகிச்சை தொடங்குமுன்னரே நோயாளியின் அசைவுகளைக் குறித்துவைத்துப் பின்னர் ஒப்பிடுதல் அவசியமாகும்.

அசைவுகளைக் கண்டதும் மருந்தைத் திடீரென நிறுத்துதல் ஆபத்தானது. நோய் மீளவும் அசைவுகள் கடுமையாகவும் இடமுண்டு. வைத்தியரிடம் கூறி அளவையோ மருந்தையோ மாற்றுவிப்பதே முறை. அவ்வாறு கூறுவதற்கு நோயாளி வெட்கப்படாதிருக்க வேண்டுமாயின், ‘அங்கொடை’ என்ற சொல்லை வசையாக வழங்குவதை நாம் கைவிட்டாக வேண்டும்.