அடிக்காமலும் வளர்க்கலாம்

பிள்ளையைக் குர்ஆன் மத்ரஸாவில் சேர்க்கும் நாளில் சில பெற்றோர், “கண் இரண்டையும் விட்டுவிட்டு மற்ற இடத்தில் அடியுங்கள்” என்று உஸ்தாதிடம் சொல்வதை நம்மில் பலர் கேட்டிருப்போம். “அடியாத மாடு படியாது” என்ற பழமொழியும் துணைக்கு வரும். மாட்டுக்குச் சொன்னதைப் பிள்ளைக்குப் பொருத்தலாமா என்பதே என் கேள்வி.

தம்பி கண்ணாடிக் கிளாஸை உடைத்துவிடுகிறான், உம்மா அடிக்கிறார். பொருளைக் கவனமாகக் கையாள வேண்டும் என்பது அவன் மனதில் பதிவதில்லை. அடுத்த முறை துண்டுகளை ஒளிக்க வேண்டும், கேட்டால் தங்கச்சி மேல் பழி போட வேண்டும் என்பதே பதிகிறது. பயந்த மனம் பாடம் கேட்காது, தப்பும் வழியையே தேடும். பெரியவர் சிறியவரை அடிக்கலாம் என்பதையும் அவன் சேர்த்தே படிக்கிறான். அன்று மாலையே அதைத் தங்கச்சியிடம் செய்து பார்க்கிறான்.

ஐக்கிய நாடுகள் சபை 1989 இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991 இல் உறுதிப்படுத்தியது. உடல், உள ரீதியான எல்லா வன்முறைகளிலிருந்தும் சிறுவர்களைப் பாதுகாக்க வேண்டும் என்று அதன் 19 ஆம் உறுப்புரை கூறுகிறது. வன்முறை பெற்றோரின் கையால் நடந்தாலும் அது பொருந்தும். நம் நாட்டுப் பாடசாலைகளில் உடல் ரீதியான தண்டனையைக் கல்வி அமைச்சு 2005 இல் சுற்றறிக்கை மூலம் தடைசெய்தது. சுவீடன் 1979 இலேயே வீட்டிலும் அதைத் தடைசெய்துவிட்டது.

“மார்க்கம் அடிக்கச் சொல்லியிருக்கிறதே” என்று சிலர் கேட்பார்கள். ஏழு வயதில் தொழுகையை ஏவி, பத்து வயதில் தொழாவிட்டால் அடிக்குமாறு வரும் ஹதீஸையே அவர்கள் காட்டுவார்கள். இடையிலுள்ள மூன்று வருடங்களை எண்ணிப் பாருங்கள். நாளுக்கு ஐந்து வேளை வீதம் 5000 தடவைக்கு மேல் அழைத்த பிறகே அந்தப் பேச்சு வருகிறது. அதிலும் காயப்படுத்தக் கூடாது, முகத்தில் அடிக்கக் கூடாது என்று உலமாக்கள் வரையறுத்துள்ளனர். கணக்குப் பிழைத்ததற்கும் கிளாஸ் உடைந்ததற்கும் அதை ஆதாரமாக்க முடியாது. அனஸ் (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் பணிவிடைக்கு வந்தபோது அவர்களுக்கும் வயது பத்துத்தான். பத்து வருடப் பணியில் நபியவர்கள் தம்மை ஒருமுறையேனும் “சீ” என்று கூடச் சொன்னதில்லை என அவர்கள் அறிவித்திருக்கிறார்கள்.

அடிக்காமல் வளர்ப்பது என்றால் செல்லம் கொடுப்பது என்று அர்த்தமில்லை. கிளாஸ் உடைந்தால் முதலில் பிள்ளையின் காலில் குத்தியதா என்று பார்ப்போம். பிறகு துண்டுகளை நாம் அள்ள, குப்பைக் கூடையை அவனைப் பிடிக்கச் சொல்வோம். வீட்டின் ஒழுங்குகளை முன்கூட்டியே சொல்லி வைப்போம். மீறினால் அன்றைய விளையாட்டு நேரம் குறையும் என்று சொன்னால் அதன்படியே நடப்போம். கோபம் வந்தால் நிற்பவர் உட்கார வேண்டும் என்பது நபிவழி. அந்த ஒரு நிமிடத்தில் ஓங்கிய கை இறங்கிவிடும். “கழுதை”, “மூதேவி” என்ற ஏச்சுக்களையும், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதையும் விடுவோம். அவையும் அடிதான், தழும்பு மட்டும் வெளியில் தெரியாது.

சகோதரிகளே, இன்று நாம் ராத்தாமார். நாளை உம்மாமார், ஆசிரியைகள். வீட்டில் ஒரு சின்னக் கை நம்மைக் கண்டதும் முகத்தை மறைத்துக்கொள்கிறதா, நம்மிடம் ஓடி வருகிறதா என்று பார்ப்போம். எங்காவது ஒரு பிள்ளை கொடுமைக்குள்ளாவதை அறிந்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அறிவிப்போம்.